சொன்னபடியே ஓட்டினான்: ஒரு விரிகுடாப் பயணத்தின் நிகழ்வு ஆய்வு

கடலில் விழுந்தவன் நான். அந்தப் படகில் பாய் ஓட்டத் தெரிந்த ஒரே ஆளும் நான்தான். இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தாலே கதை முக்கால்வாசி விளங்கிவிடும். மிச்சமிருக்கும் கால்வாசிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாருக்கும் பெரிய அடி இல்லை. 19 நிமிடம் தண்ணீரில் கிடந்தேன். முழங்காலில் சிராய்ப்பு, இரண்டு நாள் உடல்வலி, அவ்வளவுதான். ஆனால் கரைக்கு வந்து துணி மாற்றிக்கொண்டு உட்கார்ந்தபோது ஐந்து பேரும் ஐந்து கதை சொன்னோம். "திடீர்னு ஒரு காத்து அடிச்சுது" என்பது மட்டும் எல்லார் கதையிலும் இருந்தது. அதுதான் என்னை உறுத்தியது. காற்றின்மேல் பழியைப் போட்டால் எல்லோருக்கும் நிம்மதி. காற்று மறுத்துப் பேசாது.

அதனால் நினைவை ஓரமாக வைத்துவிட்டுப் பதிவுகளைத் தேடினேன். தேடினால் நிறையவே இருந்தன. ஒரு தோழியின் போனில் அன்று எடுத்த 214 படங்கள், ஒவ்வொன்றிலும் நொடி வரை நேரம். இன்னொருவர் போனில் காலையில் நிறுத்த மறந்துபோன நடைப்பயிற்சிச் செயலி. அது நாள் முழுக்கப் படகின் தடத்தை வரைந்திருந்தது. படகுத்துறைச் சுவரில் இருக்கும் காற்றுமானியின் பதிவு. அப்புறம் நான்கு பேரிடமும் தனித்தனியாக உட்கார்ந்து கேட்டு எழுதியது. ஒன்றாக உட்கார வைத்தால் சத்தமாகப் பேசுபவரின் கதைதான் எல்லோருடைய கதையாகவும் ஆகிவிடுகிறது.

ஆட்களும் படகும்

25 அடிப் படகு. ஒற்றைப் பாய்மரம், ஒரு பெரிய பாய், சுருட்டி விரிக்கும் முன்பாய். திசை திருப்பச் சக்கரம் கிடையாது, சுக்கான் தண்டுதான். பின்னால் தூக்கி இறக்கும் சிறிய மோட்டார். நீரில் படும் நீளம் 20 அடி என்பதால் என்ன காற்று அடித்தாலும் வேகம் 6 நாட்டைத் தாண்டுவது அரிது. ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், 1.85 கிலோமீட்டர். கரையிலிருந்து பார்த்தால் ஊர்வது போலத்தான் தெரியும். ஆனால் 5 நாட் என்றால் நொடிக்கு 2.57 மீட்டர். 50 மீட்டர் குளத்தில் உலகச் சாதனை வைத்திருப்பவர்களே 20 நொடிக்குக் கீழே போனதில்லை, அதுவும் ஒரு நீளம் மட்டும். ஊர்ந்து போகும் படகை நீந்திப் பிடிக்கப் பிறந்தவர் யாரும் இல்லை.

எனக்கு ஆறு வருட அனுபவம். மற்ற நால்வருக்கும் அதுதான் முதல் பாய்ப் பயணம். பெயர் வேண்டாம், நாங்கள் கூப்பிடுகிறபடியே எழுதுகிறேன். நெட்டை, என் வகுப்புத் தோழன். அண்ணன், எங்கள் எல்லோரையும்விட மூத்தவர். கேமராக்காரி, பெயரே வேலையைச் சொல்லிவிடும். நான்காவது ஆள் அண்ணனோடு வேலை பார்ப்பவர், கடைசி நேரத்தில் சேர்ந்தவர், சுமாராகத்தான் நீந்துவார். அவரைப் புதியவர் என்று வைத்துக்கொள்வோம்.

கிளம்புமுன் துறையில் வைத்து அவர்களுக்கு விளக்கம் கொடுத்தேன். நன்றாகவே கொடுத்தோம் என்று அன்று இரவுவரை நம்பிக்கொண்டிருந்தேன். கேமராக்காரி அதைக் காணொளியாக எடுத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. 12 நிமிடம். கழிப்பறைக் குழாயை எப்படித் திருப்புவது என்பதற்கு மட்டும் மூன்று நிமிடம். பூம் பற்றி ஒரு நிமிடம்: பெரிய பாயின் அடியோரத்தைத் தாங்கும் அந்த அலுமினியக் கட்டை பக்கம் மாறும்போது தலையைக் குனியுங்கள். கயிறு சுற்றும் உருளையில் விரலை விடாதீர்கள். உயிர் அங்கியை இப்படி மாட்டுங்கள். எல்லாம் சரி. ஒன்பதாவது நிமிடத்தில் புதியவரின் குரல் கேட்கிறது: "சார், நீங்களே விழுந்துட்டா?" எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். "நான் விழமாட்டேன், கவலைப்படாதீங்க" என்கிறேன். இப்படி ஒரு கேள்வி வந்ததே எனக்கு நினைவில்லை. காணொளி இல்லாவிட்டால் இந்த ஆய்வில் அது வந்தே இருக்காது.

நீண்டுபோன மதியம்

காலை 9:40க்குக் கிளம்பினோம். காற்று 8, 9 நாட். வெயில் மெத்தென்று இருந்தது. நெட்டை இரண்டு மணி நேரம் சுக்கான் பிடித்தான். பிடித்தது என்றால் சும்மா இல்லை, அரை மணி நேரத்தில் அலையின் தாளம் அவன் மணிக்கட்டுக்கு வந்துவிட்டது. விரிகுடாவின் வாய்ப்பக்கம் ஒரு பாறை முனை உண்டு. அதன் மறைவில் நங்கூரம் போட்டு, குளித்து, சாப்பிட்டு, 1:20க்குத் திரும்ப வேண்டும் என்பது திட்டம். கிளம்பியது 2:50க்கு. காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை. பேச்சு சுவாரசியமாக இருந்தது.

இந்த ஒன்றரை மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் மூன்று விஷயங்கள் மாறின.

வெயில் ஏற ஏற நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகிறது. நிலத்தின்மேல் காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று உள்ளே வருகிறது. இந்தக் கடற்காற்று முற்பகலில் தொடங்கிப் பிற்பகலில் உச்சம் தொடும். நண்பகலில் 9 நாட் காட்டிய காற்றுமானி 3:20க்கு 17 காட்டியது. ஏறத்தாழ இரண்டு மடங்குதானே என்று தோன்றும். பாயின்மேல் விழும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 9லிருந்து 17 என்றால் மூன்றரை மடங்கு. 1805இல் பிரான்சிஸ் போஃபோர்ட் வகுத்த அளவுகோலில் மூன்றாம் படியிலிருந்து ஐந்தாம் படிக்குப் போன மாதிரி.

இரண்டாவது, நீர். 12:20க்கு ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்கியிருந்தது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான ஆறு மணி நேரத்தில் நீர் ஒரே சீராக இறங்காது. பன்னிரண்டு பங்காகப் பிரித்தால் முதல் மணியில் ஒரு பங்கு, அடுத்து இரண்டு, பிறகு மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று என்பது மாலுமிகளின் கைக்கணக்கு. ஆக 2:20 முதல் 4:20 வரை நீர் மிக வேகமாக வெளியே ஓடும் நேரம். காற்று உள்ளே வருகிறது, நீர் வெளியே போகிறது. இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் அலை உயரமாக இருக்க வேண்டியதில்லை. குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன் முதுகில் ஒன்று ஏறி வரும். நீளமான பெரிய அலையைவிட இது மோசம், படகின் பின்புறத்தைப் பிடித்து உலுக்கும்.

மூன்றாவது மாற்றம் எங்களுக்குள். குளிப்பதற்காகக் கழற்றிய உயிர் அங்கிகளைத் திரும்ப மாட்டினோம். "எல்லாரும் போடுங்க" என்று சொன்னவன் நான்தான், நானும் மாட்டினேன். ஆனால் கால்களுக்கு இடையே வரும் பட்டை ஈரமாக முறுக்கிக்கிடந்தது. அப்புறம் மாட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

பாறை மறைவில் பாயை ஏற்றியபோது காற்று சாதுவாக இருந்தது. முழுப் பாயையும் ஏற்றினேன். ரீஃப் போட்டிருக்க வேண்டும், அதாவது பாயின் கீழ்ப்பகுதியை மடித்துக் கட்டிப் பரப்பைக் குறைத்திருக்க வேண்டும். வெளியே வந்ததும் அது தெரிந்திருக்க வேண்டாமா? தெரியாது. வீடு திரும்பும் திசை காற்றோடு போகும் திசை. 17 நாட் காற்றில் 5 நாட் வேகத்தில் அதே திசையில் போனால் காதில் படுவது 12 நாட்தான். அழுத்தக் கணக்கில் பாதி. மேலும் முன்னால் பார்த்தால் தெரிவது அலைகளின் முதுகு. வெண்ணுரை எல்லாம் நம் பின்னால் இருக்கும். கேமராக்காரியின் 3:15 படத்தில் அண்ணன் கண்ணை மூடிச் சாய்ந்திருக்கிறார். அவ்வளவு சுகம். அதே நேரத்தில் படகைத் திருப்பிக் காற்றை எதிர்கொண்டிருந்தால் 20 நாட்டுக்குமேல் முகத்தில் அறைந்திருக்கும், எல்லோரும் விழித்துக்கொண்டிருப்போம்.

3 மணி 22 நிமிடம்

காற்று பின்னாலிருந்து, சற்றே வலப்பக்கமாக. பெரிய பாய் இடப்பக்கம் முழுவதும் திறந்து பாய்மரத்தின் பக்கக் கம்பியில் சாய்ந்திருந்தது. முன்பாயின் கயிறு எங்கோ சிக்கிப் படபடத்தது. அதை எடுத்துவிடலாம் என்று நெட்டையிடம் சுக்கானைக் கொடுத்தேன். தூரத்தில் கரையில் ஒரு வெள்ளைக் கோபுரம் தெரிந்தது. "மூக்கை அந்தக் கோபுரத்து மேலயே வச்சிரு. என்ன ஆனாலும் விடாத" என்றேன். வலப்பக்க விளிம்பு வழியாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னே போனேன்.

அலை ஒன்று பின்புறத்தைத் தூக்கியது. மூக்கு இடப்பக்கம் லேசாக விலகியது. அதை அவன் சரிசெய்ய வேண்டும். திரும்பிப் பார்த்துக் கத்தினேன்: "வலது! வலது!"

3:22:08க்கு எடுத்த படத்தில் நான் ஒரு கையால் கம்பியைப் பிடித்து, வாயைத் திறந்து, பின்னால் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நெட்டையின் கையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுக்கான் தண்டை வலப்பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறான்.

சுக்கான் தண்டு கார் ஸ்டியரிங் மாதிரி இல்லை. தண்டை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும். நான் சொன்னது படகை. அவன் கேட்டது கையை. காலையில் இரண்டு மணி நேரம் பிழையில்லாமல் ஓட்டினானே என்றால், அப்போது அவன் கோபுரத்தையும் மூக்கையும் பார்த்துத் தன் கையால் உணர்ந்து ஓட்டினான், சொல்லைக் கேட்டு ஓட்டவில்லை. என் சொல் குறுக்கே வந்ததும் கை அதற்குக் கீழ்ப்படிந்தது.

இடப்பக்கம் திரும்பிய படகின் பின்முனை காற்றைக் கடந்தது. பாயின் தவறான பக்கத்தில் காற்று புகுந்தது. பூம் இடமிருந்து வலமாகப் பறந்து வந்தது. இதை ஜைப் என்பார்கள். வேண்டுமென்றே செய்யும்போது பாய்க் கயிற்றை முன்கூட்டியே இழுத்துவைத்துப் பூமைச் சிறிய தூரம் மட்டும் போக விடுவோம். தானாக நடந்தால் அது ஒரு முழு அரைவட்டம் வீசும். நான் குனிந்துவிட்டேன், பூம் தலைக்கு மேலே போனது. தப்ப முடியாதது அதற்கடுத்த நொடியிலிருந்துதான். பாய் வலப்பக்கம் போனதும் படகும் வலப்பக்கமே சாய்ந்தது. அதுவரை உயரமாக இருந்த என் பக்கம் ஒரே நொடியில் பள்ளமானது. விளிம்பில் இருக்கும் பாதுகாப்புக் கம்பி என் முழங்காலுக்குக் கீழேதான் வரும், ஆளைத் தடுக்காது, தடுக்கித்தான் விடும். 3:22:31 படத்தில் பூம் வலப்பக்கம் இருக்கிறது, படகு அரைகுறையாகத் திரும்பி நிற்கிறது, நான் இல்லை.

தண்ணீரிலிருந்து தெரிந்தது

மூச்சு முட்டியது முதல் அரை நிமிடம். நீர் 19 டிகிரி, உறைய வைக்கும் குளிர் இல்லை, ஆனால் உடம்புக்கு அது தெரிய நேரம் வேண்டும். அங்கி தானாக உப்பியது, 'டப்' என்று ஒரு சத்தம். உப்பியதும் மேலே ஏறியது. பட்டை மாட்டாததால் அதைக் கீழே பிடித்துவைக்க ஒன்றுமில்லை. நான் கீழே, அங்கி காதுக்கு மேலே. இரண்டு கையாலும் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. கை அசைக்க முடியவில்லை, நீந்த முடியவில்லை. ஊதலை வாயில் வைத்து ஊதுவதற்கு மட்டும் ஒரு கையை விட்டேன், ஒவ்வொரு முறையும் ஒரு வாய் உப்புநீர் குடித்தேன்.

படகைப் பார்த்தேன். சாய்ந்து திரும்பி ஒரு கணம் நின்றது. சரி, நின்றுவிட்டது, இனி வருவார்கள் என்று நினைத்தேன். பிறகு அது நிமிர்ந்தது. பாய் உப்பியது. கோபுரத்தை நோக்கி, நேராக, ஆடாமல் அசையாமல் போகத் தொடங்கியது. எனக்கு அப்போது தோன்றியதைச் சொன்னால் சிரிப்பீர்கள். "பரவாயில்லையே, நல்லா ஓட்டுறானே" என்றுதான் தோன்றியது.

நெட்டை என்னிடம் பிறகு சொன்னது இது: "நீ விழுந்தது தெரியும்டா. ஆனா படகு கவுந்துரும்னு நெனச்சேன். நீ கடைசியா சொன்னது அதுதானே, என்ன ஆனாலும் கோபுரத்த விடாதன்னு. அதப் புடிச்சிட்டா எல்லாம் சரியாயிரும்னு புடிச்சேன்."

பயந்துபோன ஆள் கடைசியாகக் கேட்ட கட்டளையைப் பிடித்துக்கொள்வான். அதில் அவன் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அந்தக் கட்டளைக்கு எப்போது காலாவதி என்று சொல்லாதது நான்.

இதில் கொடுமை என்னவென்றால், அவன் ஒன்றும் செய்யாமல் சுக்கானை விட்டிருந்தாலே படகு நின்றிருக்கும். இந்த வகைப் படகு, பிடி விட்டால் தானாகக் காற்றை நோக்கித் திரும்பும், பாய் படபடக்கும், வேகம் செத்துப்போகும். சாய்ந்தபோது அது செய்ய முயன்றதும் அதுவே. காரில் வளர்ந்த கைக்கு இது விளங்காது. காரில் கையை விட்டால் விபத்து, இங்கே கையை விடுவதுதான் பிரேக். காற்றோடு போகும்போது பாய்க் கயிற்றைத் தளர்த்தினாலும் பயனில்லை. பாய் ஏற்கெனவே முழுக்கத் திறந்து கம்பியில் சாய்ந்திருக்கிறது, அதற்குமேல் திறக்க இடமில்லை. திருப்பினால்தான் நிற்கும்.

தடத்தைப் பார்த்தால் 20 நொடித் தயக்கம், பிறகு 135 நொடி நேர்கோடு. செயலி காட்டும் வேகம் 4 நாட். அது தரையோடு ஒப்பிட்ட வேகம். எதிரே 1 நாட் நீரோட்டம், ஆக நீரின்மேல் 5 நாட். 135 நொடிக்கு 347 மீட்டர்.

இடையே ஒன்று. "நீரோட்டம் உன்னை இழுத்துட்டுப் போயிருச்சு" என்று எல்லோரும் சொன்னார்கள், கரையில் கேட்டவர்களும் சொன்னார்கள். தவறு. நீரோட்டம் என்னையும் படகையும் ஒரே மாதிரிதான் சுமக்கிறது, ஓடும் ரயிலுக்குள் இரண்டு பேர் நிற்பது போல. எங்களைப் பிரித்தது காற்று மட்டுமே. படகுக்கு உடம்பெல்லாம் காற்றுப் பிடிக்க இடம். எனக்குத் தலை மட்டும்.

படகில் நடந்தது

நான் விழுந்த நொடியிலிருந்து கேமராக்காரி கையை நீட்டி என்னைக் காட்டிக்கொண்டே நின்றாள். யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. விழுந்தவரிடமிருந்து கண்ணை எடுக்காமல் ஒருவர் கை காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது எந்தப் பயிற்சியிலும் முதல் பாடம், என் 12 நிமிடத்தில் அது இல்லை. "கண்ண எடுத்தா திரும்பக் கிடைக்கமாட்டன்னு தோணுச்சு" என்றாள். முக்கால் மீட்டர் அலையில், படகின் உயரத்திலிருந்து பார்த்தால் 300 மீட்டரில் ஒரு தலை பெரும்பாலான நேரம் தெரியாது. தெரியாதபோது என் பின்னால் இருந்த இரண்டு குன்றுகளின் இடைவெளியை நோக்கிக் கையை வைத்திருந்தாள். 3:24:50க்கு அவள்தான் கத்தினாள்: "எல்லாத்தையும் விடு!" நெட்டை விட்டான். படகு திரும்பி நின்றது.

லாட வடிவ மிதவையைப் புதியவர் எறியப் பார்த்தார். அது பின்கம்பியில் நான்கு முடிச்சுகளால் கட்டியிருந்தது. போன சீசனில் ஒருமுறை காற்றில் பறந்து காணாமல் போனதால் நான் போட்ட முடிச்சுகள். நான்காவதை அவர் அவிழ்த்தபோது நான் கால் கிலோமீட்டர் தள்ளி இருந்தேன். எறிந்தார், இருந்தாலும்.

அண்ணன் மோட்டாரை இறக்கினார். கயிற்றை இழுத்தார். பதினொரு முறை இழுத்ததாகச் சொன்னார், நெட்டை இருபது என்கிறான். ஓட்டுபவர் விழுந்தால் மோட்டார் தானாக நிற்பதற்கு ஒரு சுருள் கயிறு உண்டு. அதன் நுனிக் கொக்கி மோட்டாரில் மாட்டியிருந்தால்தான் இயங்கும். பாறை மறைவிலிருந்து மோட்டாரில் கிளம்பியபோது அதை என் இடுப்பில் மாட்டினேன், பாய் ஏற்றியதும் கழற்ற மறந்துவிட்டேன். கடலில் அங்கியைப் பிடித்துக்கொண்டு கிடந்தபோது வயிற்றில் ஏதோ குத்திக்கொண்டே இருந்தது. தடவிப் பார்த்தேன். சிவப்புக் கயிறு, நுனியில் கொக்கி. நான் உண்மையில் பயந்தது அப்போதுதான்.

புதியவர் போனில் அவசர எண்ணை அழைத்தார். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். "விரிகுடாவில்" என்றார். அவர் என்ன செய்வார், பாவம். உள்ளறையில் கடல் வானொலி, அவசர அழைப்புக்கான 16ஆம் சேனலில், ஓடிக்கொண்டுதான் இருந்தது, திரையில் அட்சரேகை தீர்க்கரேகை மின்னிக்கொண்டிருந்தது, மூடியைத் தூக்கி அழுத்திப் பிடித்தால் இடத்தோடு சேர்த்து அபாயச் செய்தி அனுப்பும் சிவப்புப் பொத்தானும் இருந்தது. வானொலியை அவர்களுக்குக் காட்டினேன். "அது என் வேலை, தொட வேண்டாம்" என்ற வாக்கியத்தோடு.

3:33க்கு ஒரு சிறிய மோட்டார்ப் படகு தூரத்தில் போனது. அண்ணனும் புதியவரும் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மேலும் கீழுமாக ஆட்டினார்கள். அவர்கள் தெரிந்து செய்யவில்லை, ஆனால் 1972ஆம் ஆண்டு கடல் மோதல் தடுப்பு விதிகளின் நான்காம் இணைப்பில் இருக்கும் அபாயச் சைகை அதுவேதான். படகு வந்தது. அதற்குள் பாய் படபடத்தபடி எங்கள் படகு காற்றில் ஒதுங்கி இன்னும் தள்ளிப் போயிருந்தது, எனக்கும் அதற்கும் 600 மீட்டருக்குமேல். மோட்டார்ப் படகுக்காரர் கேமராக்காரியின் கை காட்டிய கோட்டில் போனார். பாதியில் எஞ்சினை அணைத்துக் காது கொடுத்தாராம். ஊதல் கேட்டது. என்னை ஏற்றும்போதும் எஞ்சினை அணைத்தே வைத்திருந்தார், பின்புற ஏணியை இறக்கினார். நான்கு படிதான். இரண்டாவது படியில் என் கைக்குப் பிடியே இல்லை, சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டார். மணி 3:41.

எது காரணம்

காற்று இல்லை. காற்றுமானிப் பதிவில் 3:20க்கும் 3:25க்கும் இடையில் சிறப்பாக எந்தச் சீறலும் இல்லை. அதற்கு முந்தைய அரை மணியில் அடித்த அதே 17, அவ்வப்போது 20. திடீரென்று வந்தது காற்று அல்ல, பூம்.

விழுந்ததற்கான காரணங்களை வரிசையாகச் சொல்லலாம்: தாமதம், முழுப் பாய், எதிர்நீர், "வலது" என்ற ஒரு சொல். பூமை முன்பக்கமாக இழுத்துக் கட்டிவைக்கும் கயிறு ஒன்று படகில் இருந்தது, கட்டியிருந்தால் ஜைப் ஆகியிருக்காது. "நாற்பது நிமிஷத்துக்கு எதுக்கு" என்று கட்டவில்லை. இவை எல்லாமே எனக்குத் தெரிந்தவை, எந்தப் பாய்க்காரருக்கும் தெரிந்தவை. இவற்றில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. ஆள் விழுவது நடக்கும்.

ஆர்வமெல்லாம் விழுந்த பிறகான 19 நிமிடத்தில். அதை ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே இடத்துக்கு வருகிறது. சுக்கானின் கட்டளை என்னுடையது. மிதவையின் முடிச்சு என்னுடையது. மோட்டாரின் கொக்கி என் இடுப்பில். வானொலி என் வேலை. நால்வரையும் விருந்தாளிகளாகக் கூட்டிப் போனேன், எதையும் சுமக்க விடவில்லை, அது உபசரிப்பு என்று நினைத்தேன். காலையில் நான் கற்றுக்கொடுத்தது எல்லாம் எனக்கு உதவி செய்வது எப்படி என்பதுதான். நான் இல்லாமல் படகை நிறுத்துவது எப்படி என்று ஒரு வரிகூட இல்லை. படகு ஓட்டக் கற்க வருடங்கள் ஆகும். நிறுத்தக் கற்க ஐந்து நிமிடம் போதும், சுக்கானைக் காற்றுப்பக்கத்துக்கு எதிரே தள்ளு அல்லது விட்டுவிடு, அவ்வளவே. அந்த ஐந்தில் மூன்று நிமிடம் கழிப்பறைக் குழாய்க்குப் போய்விட்டது.

அண்ணன் இந்த வரைவைப் படித்துவிட்டு ஒரு ஆட்சேபம் சொன்னார். "எல்லாத்தையும் உன் தலையில போட்டுக்கிறதும் ஒரு மாதிரி பெருமைதான் தம்பி. நாங்களும் கேக்கல. புதியவர் ஒருத்தர்தான் கேட்டார், நாங்க சிரிச்சோம்." அதையும் பதிவு செய்கிறேன்.

அதற்குப் பிறகு

மிதவைக்கு இப்போது ஒற்றை இழுப்பு முடிச்சு. மோட்டாருக்கு உதிரிக் கொக்கி ஒன்று வாங்கிக் காக்பிட்டில், அதாவது சுக்கான் பிடிப்பவர் உட்காரும் பள்ளத்தில், தொங்கவிட்டேன். வானொலிக்குப் பக்கத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பதை எழுதி ஒட்டினோம். எழுதியது புதியவர், நான் எழுதினால் எனக்குப் புரிகிற மாதிரிதான் இருக்கும் என்றார். வலது, இடது என்ற சொற்களைச் சுக்கான் பிடிப்பவரிடம் சொல்வதில்லை. "காத்தப் பாத்துத் திருப்பு", "கோபுரத்தப் பாத்துத் திருப்பு" என்று பொருளைச் சொல்கிறோம். கால் பட்டையை மாட்டாமல் துறையை விட்டுக் கிளம்புவதில்லை.

மூன்று வாரம் கழித்து அதே ஐந்து பேர் அதே விரிகுடாவுக்குப் போனோம், காற்று 10 நாட். துறையில் மோதாமல் படகின் பக்கவாட்டில் தொங்கவிடும் ஃபெண்டர் ஒன்றில் வாளியைக் கட்டிக் கடலில் போட்டோம். அதுதான் நான். உண்மையான நான் காக்பிட் மூலையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. முதல் முறை 11 நிமிடம். நெட்டை பதற்றத்தில் இரண்டு முறை ஃபெண்டரைத் தாண்டிப் போனான். இரண்டாவது 7. மூன்றாவதில் புதியவர் சுக்கான் பிடித்து ஃபெண்டரின் மேலேயே ஏற்றிவிட்டார், அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

நான்காவது முறை கேமராக்காரி சுக்கானில், கை காட்டுவது அண்ணன். வாளி விழுந்ததும் அவள் படகைக் காற்றுக்குள் திருப்பி நிறுத்தினாள், முன்பாயைச் சுருட்டச் சொன்னாள், ஃபெண்டரைத் தாண்டிக் காற்று போகும் பக்கம் போய், காற்றை எதிர்த்து மெதுவாக ஏறி வந்தாள். கடைசி இருபது மீட்டரில் வேகம் கொஞ்சம் அதிகம் என்று எனக்குப் பட்டது. வாயைத் திறக்கப் போனேன். அண்ணன் ஃபெண்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே இன்னொரு கையை என் பக்கம் நீட்டி நிறுத்தினார். அவள் பாய்க் கயிற்றை விட்டாள், பாய் படபடத்தது, படகு நின்றது, நெட்டை குனிந்து கொக்கிக் கம்பால் வாளியைத் தூக்கினான். 3 நிமிடம் 50 நொடி.